சோரியாசிஸ்: கிருமியைக் கொல்லும் மரபணு அதிகமா இருந்தா நல்லதுதானே? இல்லையாம்!

சோரியாசிஸ் வந்தவர்களின் தோல் வெடித்து, செதில் செதிலாக உதிரும். ஆனால் அந்த இடத்தில் பாக்டீரியா தொற்று அவ்வளவாக வருவதில்லை. ஏன்?

1997-ல் ஜெர்மனியின் கீல் நகர விஞ்ஞானிகள் அந்தச் செதில்களையே எடுத்து ஆராய்ந்தார்கள். கிடைத்தது, பீட்டா டிஃபென்சின்-2 என்ற குட்டிப் புரதம். கிருமிகளைக் கொல்ல நம்ம தோலே தயாரிக்கும் மருந்து என்று வைத்துக்கொள்ளுங்கள். சோரியாசிஸ் தோலில் இது கொட்டிக் கிடக்கிறது.

இதைத் தயாரிக்கும் மரபணு 8-வது குரோமோசோமில் இருக்கிறது. பெரும்பாலான மரபணுக்களில் அம்மாவிடமிருந்து ஒன்று, அப்பாவிடமிருந்து ஒன்று என இரண்டு பிரதிகள்தான் இருக்கும். இதில் அப்படி இல்லை. ஒருவருக்கு 2, இன்னொருவருக்கு 4, சிலருக்கு 10 கூட!

அதிகம் இருந்தால் என்ன ஆகும்?

நெதர்லாந்து, ஜெர்மனி நோயாளிகளிடம் நடந்த ஆய்வு 2008-ல் வெளியானது. பிரதிகள் கூடக்கூட சோரியாசிஸ் வரும் வாய்ப்பும் கூடியது. காரணம், இந்தப் புரதம் கிருமியைக் கொல்வதோடு நிற்காது. நோய் எதிர்ப்புச் செல்களையும் உசுப்பிவிடும். கிருமியே இல்லாத இடத்தில் சண்டை மூண்டால், அடி வாங்குவது நம்ம தோல்தான்.

அப்போ ஜீன் டெஸ்ட் எடுத்துடலாமா?

அவசரப்படாதீங்க. குடலைத் தாக்கும் கிரோன் நோயில் நடந்ததைப் பாருங்கள். பெருங்குடலில் கிரோன் வந்தவர்களுக்குப் பிரதிகள் குறைவு என்றது 2006 ஆய்வு. 2010-ல் வந்த ஓர் ஆய்வோ, அதிகம் என்றது. அதே ஆண்டு இன்னொரு குழு, தொடர்பே இல்லை என்றது. எண்ணும் முறையிலேயே கோளாறு இருக்கிறது என்றும் காட்டியது.

எண்ணுவதில் அப்படி என்ன கஷ்டம்? மூடிய கதவுக்குப் பின்னால் பேசுவது ஒருவரா இருவரா என்று கண்டுபிடித்துவிடலாம். நாலு பேரா அஞ்சு பேரா என்றால்? அதே சிக்கல்தான் இங்கேயும். ஆய்வகத்திலேயே இவ்வளவு குழப்பம் என்றால், எச்சில் அனுப்பினால் ரிசல்ட் தரும் கிட்டை நம்பி எப்படி முடிவெடுப்பது?

இன்றைக்கும் சோரியாசிஸைத் தோல் மருத்துவர் பார்த்தே பெரும்பாலும் கண்டுபிடித்துவிடுவார். சந்தேகம் என்றால் சின்னதாகத் தோலை வெட்டிப் பரிசோதிப்பார். சிகிச்சைக்கும் பிரதி எண்ணிக்கை தேவையில்லை. டிஃபென்சினைச் சுரக்கத் தூண்டும் ஐஎல்-17 என்ற சிக்னலைத் தடுக்கும் ஊசிகள் ஏற்கெனவே வந்துவிட்டன. விலைதான் இன்னும் கையைக் கடிக்கிறது.