சிரிக்க வந்தவரும் கதைக்கு நின்றவரும்

2000 ஆகஸ்டில் அமெரிக்காவில் இரண்டு நண்பர்கள் சேர்ந்து இணையத்தில் ஒரு காமிக்ஸ் தொடங்கினார்கள். பெயர் மெகாடோக்கியோ. எழுத்து ராட்னி காஸ்டன், படம் பிரெட் கல்லகர். கட்டடக் கலைஞராக வேலை பார்த்துக்கொண்டிருந்த கல்லகரை விடாமல் வற்புறுத்தி இதில் இழுத்துவிட்டவர் காஸ்டன்தான். வீடியோ கேம் பித்துப் பிடித்த பிரோ, லார்கோ என்ற இரண்டு பையன்கள் டோக்கியோவுக்குப் போய், ஊர் திரும்ப டிக்கெட்டுக்குக் காசில்லாமல் மாட்டிக்கொள்கிறார்கள். தடவைக்கு நான்கு கட்டம், கடைசிக் கட்டத்தில் ஒரு சிரிப்பு. அவ்வளவுதான் ஏற்பாடு.

ஆனால் கல்லகருக்கு ஜப்பானிய மாங்காவின் மீது தீராத மயக்கம். அந்தப் பையன்கள் அங்கே யாரைச் சந்திக்கிறார்கள், யாரிடம் மனதைப் பறிகொடுக்கிறார்கள் என்பதில்தான் அவர் கவனம் போனது. காஸ்டனுக்கு அன்றைய ஜோக் முக்கியம். போகப்போக நான்கு சதுரங்கள் கலைந்து, பக்கம் முழுக்க விரியும் மாங்கா அமைப்பு வந்தது. 2002இல் காஸ்டன் விலகிக்கொண்டார்.

இணையக் காமிக்ஸின் கால் நூற்றாண்டுச் சண்டை இந்த இரண்டு பேருக்குள் அடக்கம். யார் சரி என்று கேட்டால், பதில் கொஞ்சம் சங்கடமானது. கல்லகர் கையில் மெகாடோக்கியோ அழகானது, ஆழமானது, புத்தகங்களாக வந்தது. கூடவே மெதுவானது. வரைய முடியாத நாட்களில் ஏதாவது ஒரு பென்சில் ஓவியத்தைப் போட்டு ‘பிரோ செத்த நாள்’ என்று தலைப்பிட்டுவிடுவார். வாசகர்கள் முதலில் சிரித்தார்கள். கதைக்குள் சில வாரங்கள் நகர்வதற்குள் வெளியே ஆண்டுகள் ஓடியபோது அந்தச் சிரிப்பு வற்றியது. காஸ்டன் பக்கம் நியாயம் இருந்திருக்கிறது என்று பலருக்கும் தோன்றிய காலம் அது.

இந்தச் சண்டை நமக்கொன்றும் புதிதல்ல. தினத்தந்தியின் கன்னித்தீவில் சிந்துபாத் அரை நூற்றாண்டுக்கும் மேலாக அலைகிறான். முடியாத எதையும் ‘கன்னித்தீவு மாதிரி’ என்று சொல்லப் பழகிவிட்டோம். மறுபக்கம் மதனின் ரெட்டைவால் ரெங்குடு, முன்ஜாக்கிரதை முத்தண்ணா. ஆள் அதே ஆள், ஆனால் போன வாரத்துக்கும் இந்த வாரத்துக்கும் சம்பந்தம் கிடையாது. பழைய இதழ் பழைய பேப்பர் கடைக்குப் போய்விடும் உலகில் அப்படித்தான் இருக்க முடியும். இல்லாவிட்டால் கன்னித்தீவைப் போல, ஒரு மாதம் விட்டுவிட்டு வந்தாலும் ஒன்றும் கெட்டுப்போகாத வேகத்தில் நகர வேண்டும்.

இணையம் இதைத்தான் உடைத்தது. பழைய பக்கங்கள் எல்லாம் அங்கேயே கிடக்கின்றன. ‘முதல் பக்கம்’ என்றொரு பொத்தான். இன்று தற்செயலாக வந்து விழுந்தவர் இரவோடிரவாகத் தொடக்கத்திலிருந்து படித்துவிட்டு, விடியும்போது தீவிர ரசிகராக எழுந்திருக்கலாம். நாளிதழ் எந்தக் காலத்திலும் தந்திராத வசதி இது. ஜோக்காகத் தொடங்கிய பல காமிக்ஸ்கள் கதையாக வளர்ந்ததற்கு ஓவியர்களின் ஆசை பாதிக் காரணம் என்றால் இந்தப் பொத்தான் மீதிக் காரணம்.

ரிச் பர்லூவின் ‘தி ஆர்டர் ஆஃப் தி ஸ்டிக்’ இதற்கு ஆகச் சிறந்த சாட்சி. 2003இல் தொடங்கியது. குச்சி மனிதர்கள்தான் பாத்திரங்கள். டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் விளையாட்டின் விதிமுறைகள் புதுப் பதிப்புக்கு மாறியதும் இவர்களுடைய திறமைகளும் சட்டென்று மாறிவிடும். அதுதான் முதல் ஜோக். அந்த விளையாட்டு தெரியாதவருக்கு அதில் ஒன்றுமில்லை. நாளடைவில் அதற்குள்ளிருந்து, தந்தை செய்த சபதத்தை மகன் சுமந்து திரியும் கதை ஒன்று எழுந்து வந்தது. ஜோக் நின்றுவிடவில்லை, சாவு நடக்கும் பக்கத்திலும் யாராவது ஒருவர் வாயைத் திறந்து எதையாவது சொல்லிவைப்பார். 2012இல் அச்சில் தீர்ந்துபோன பழைய தொகுப்பை மறுபடி அச்சிட பர்லூ வாசகர்களிடம் 57,750 டாலர் கேட்டார். 14,952 பேர் சேர்ந்து 12 லட்சத்து 54 ஆயிரம் டாலர் கொடுத்தார்கள். இணையத்தில் இலவசமாகக் கிடைப்பதற்கு, ஏற்கெனவே படித்து முடித்ததற்குக் கொடுத்த பணம் இது. ஜோக்கைப் பனியனில் அச்சிட்டு விற்கலாம், விற்கிறார்கள். அலமாரியில் வைத்துக்கொள்ள வேண்டும் என்று மனிதர்களுக்குத் தோன்றுவது கதையைத்தான்.

ஹோவர்ட் டெய்லரின் ‘ஷ்லாக் மெர்சினரி’ இன்னும் கறாரானது. 2000 ஜூன் 12 அன்று தொடங்கி 2020 ஜூலை 24 அன்று முடிந்தது. இடையில் ஒரு நாள்கூடத் தவறவில்லை. விண்வெளிக் கூலிப்படையின் நீண்ட கதை. ஆனாலும் அந்தந்த நாளின் பக்கத்துக்கு அதற்கென்று ஒரு சிரிப்பு இருந்தது. இன்று முதல் தடவையாக வந்தவருக்கும் கையில் ஏதோ கிடைக்கும், இருபது வருடமாக வருபவருக்கும் கதை ஓரங்குலம் நகரும். எங்களுக்கு இதன் ஓவியம் பெரிதாகப் பிடித்ததில்லை. அந்த ஒழுங்கின் முன்னால் அதைச் சொல்லக் கூச்சமாக இருக்கிறது.

ஜோக்கிலிருந்து கதைக்குத் தாவுவதில் கால் பிசகினால் என்ன ஆகும் என்பதற்கும் பேர்போன உதாரணம் உண்டு. டிம் பக்லியின் ‘கன்ட்ரோல் ஆல்ட் டெலீட்’ வீடியோ கேம் கேலிக்கான காமிக்ஸ். 2008 ஜூன் 2 அன்று அதில் வார்த்தையே இல்லாத நான்கு கட்டங்கள் வந்தன. ஒருவன் மருத்துவமனைக்குள் ஓடுகிறான், விசாரிக்கிறான், மருத்துவரிடம் பேசுகிறான், கடைசியில் படுக்கையில் அழும் பெண். கருச்சிதைவு. அந்தத் துயரத்தைத் தாங்குகிற பாத்திரங்களை அவர் அதுவரை வளர்த்திருக்கவில்லை. விளைவு விபரீதமானது. அந்த நான்கு கட்டங்களின் அமைப்பை மட்டும் நேர்க்கோடுகளாக உருவி, இணையம் பத்தாண்டுகளுக்கும் மேலாகக் கேலி செய்தது. கதையாக ஆசைப்பட்ட ஒரு பக்கம், உலகத்திலேயே அதிகம் திரும்பச் சொல்லப்பட்ட தனி ஜோக்குகளில் ஒன்றாக முடிந்தது. கேலி செய்தவர்களின் மனமும் அவ்வளவு பாராட்டத்தக்கதல்ல என்பதையும் சொல்லிவைக்கிறோம்.

தனி ஜோக்கின் தரப்பில் வாதாட வருபவர்கள் எல்லோரும் ராண்டல் மன்றோவின் எக்ஸ்கேசிடியைத்தான் காட்டுவார்கள். 2005இலிருந்து வாரம் மூன்று நாள். பாத்திரங்களுக்குப் பெரும்பாலும் பெயர் இல்லை, முகமில்லை, நேற்றில்லை. அதே மன்றோ 2013 மார்ச்சில் ‘டைம்’ என்றொரு படத்தைப் போட்டார். கடற்கரையில் இருவர் உட்கார்ந்திருக்கிறார்கள். அரை மணிக்கொரு தடவை, பின்னர் மணிக்கொரு தடவை, படம் மாறிக்கொண்டே இருந்தது. மணல் கோட்டை எழுந்தது, கடல் ஏறியது, ஏன் ஏறுகிறது என்று பார்க்க இருவரும் நடந்தார்கள். நான்கு மாதங்களில் 3,000க்கும் அதிகமான படங்கள். எதிர்காலத்தில் வற்றிப்போன மத்தியதரைக் கடற்படுகை மறுபடி நிரம்புகிறது என்பது கடைசியில்தான் விளங்கும். 2014இல் அதற்கு ஹ்யூகோ விருது கிடைத்தது. தனி ஜோக்கின் தலைமகன், தன் பெயர் நிலைக்கும்படி செய்த வேலைகளில் முதலிடம் ஒரு தொடருக்கு.

ஆக, எங்கள் கட்சி எது என்று தெரிந்திருக்கும். ஆனால் காலம் எங்கள் கட்சியில் இல்லை. 2013 ஜூலையில் கூகுள் ரீடர் மூடப்பட்டது. பிடித்த காமிக்ஸின் புதுப் பக்கம் தானாக வந்து சேரும் வழிகளில் பெரிய ஒன்று அடைபட்டது. அப்புறம் முகநூலும் இன்ஸ்டாகிராமும் வாசல்களாகின. அங்கே ஒரு படம் தனியாகப் பயணம் செய்தாக வேண்டும்; முன்கதை கேட்கும் படத்தை யாரும் பகிர்வதில்லை. நேதன் பைலின் ‘ஸ்ட்ரேஞ்ச் பிளானட்’ 2019இல் இன்ஸ்டாகிராமில் பிறந்து, அதற்கேற்றபடி நான்கு கட்டத்தில் முடிந்துகொண்டது. நல்ல ஜோக்குகள்தான். தொடரைக் காப்பாற்றி வைத்திருப்பது கொரியாவின் வெப்டூன் தளம். விரலால் கீழே தள்ளிக்கொண்டே படிக்கும் வார அத்தியாயம், அடுத்ததை முன்கூட்டியே படிக்கக் காசு. ஒவ்வொரு அத்தியாயமும் விளிம்பில் கொண்டுபோய் நிறுத்துகிறது. வாரப் பத்திரிகைத் தொடர்கதை படித்து வளர்ந்தவர்களுக்கு இந்தத் தந்திரத்தை விளக்க வேண்டியதில்லை. விளிம்பில் நிறுத்துவதையே அன்றைய தீனியாகக் காட்டும் தொடர்கள் எங்களுக்கு ஏமாற்றமளிக்கின்றன. டெய்லர் அப்படிச் செய்யவில்லை.

இவ்வளவு பேசியபின் சும்மா இருப்பது முறையல்ல. அடுத்த இதழிலிருந்து நான்கு பக்கங்களைப் படக்கதைக்கு ஒதுக்குகிறோம். சன்மானம் கிடையாது, இரண்டு பிரதிகள் உண்டு. தனி ஜோக் என்றால் அப்படியே அனுப்பலாம். தொடர் என்றால், குறைந்தது பன்னிரண்டு பக்கங்களை வரைந்து முடித்துக் கையில் வைத்துக்கொண்டு முதல் பக்கத்தை அனுப்புங்கள். இதழ் காலாண்டுக்கு ஒன்று என்று அட்டையில் போட்டிருக்கிறோம்; அதை நாங்கள் காப்பாற்றும் அழகு உங்களுக்குத் தெரியும். ஓவியரும் எங்களைப்போல இருந்துவிடக் கூடாது.