படுகொலை ஓடை

கொலைக்கதைப் படங்கள் மாணவர்க்கு ஆகா என்பது நம் வீடுகளில் நிலவும் எண்ணம். 'மிஸ்டரி ரோட்' என்னும் அவுஸ்திரேலியப் படத்தைக் காணும்வரை நாமும் அவ்வாறே எண்ணியிருந்தோம். 2013இல் வெளிவந்த அதனை ஆக்கியவர், தாய்வழியிற் கமிலராய்ப் பழங்குடியைச் சேர்ந்த ஐவன் சென்.

குயின்ஸ்லாந்தின் வறண்ட நாட்டுப்புறம். நெடுஞ்சாலை மதகினடியிற் பழங்குடிச் சிறுமி ஒருத்தி கொலையுண்டு கிடக்கிறாள். அவ்விடத்தின் பெயர் 'படுகொலை ஓடை'. அப்பெயருக்கு இயக்குநர் உரை எழுதவில்லை. 19ஆம் நூற்றாண்டில் வெள்ளைக் குடியேறிகள் அம்மக்களைக் கூட்டங்கூட்டமாகக் கொன்ற வரலாறு அறிந்தோர்க்கு உரை வேண்டுவதுமில்லை.

துப்பறியும் ஜே சுவானும் பழங்குடியினனே. வெள்ளைப் பொலிசார் அவனைத் தம்மவனாக ஏற்பதில்லை. சொந்த மக்களோ பொலிசின் ஆளென்று விலகுகின்றனர். மாண்டவளின் தோழியருள் தன் மகளும் ஒருத்தி என்று அவன் அறிந்தபின், கொலையாளி யாரென்ற வினா நமக்குப் பெரிதாகப்படவில்லை. அம்மகளுக்கு என்ன நேருமோ என்றே மனம் பதைத்தது.