6-க்கு 8 அடியில் ஒரு சமையலறை: முதலில் சாக்பீஸ், பிறகு கிரானைட்!

தாம்பரம், சேலையூர், முடிச்சூர், மேடவாக்கம் பக்கம் பிளாட் பார்க்கப் போகிறவர்கள் வரைபடத்தில் முதலில் தேடுவது ஹாலின் அளவை. அடுத்தது படுக்கையறை. சமையலறை ஒரு மூலையில் ‘கிச்சன் 6-க்கு 8’ என்று சின்னக் கட்டமாக இருக்கும். சாவி கைக்கு வந்த பிறகுதான் அந்தக் கட்டத்துக்குள் என்னென்ன ஒளிந்திருக்கின்றன என்று தெரியவரும். ஒரு மூலையில் முக்கால் அடி துருத்தி நிற்கும் தூண். மேடை போட நினைத்த சுவரில் சர்வீஸ் பால்கனிக்குப் போகும் கதவு. ஜன்னலுக்கு நேர் கீழே சிங்க் குழாய்.

அப்படிப்பட்ட இடத்தில் புதிதாக மேடையும் அலமாரியும் போடுவது சின்னச் செலவு இல்லை. ஒருமுறை பதித்த கிரானைட்டை அடுத்த வருஷமே பெயர்த்துப் போட யாருக்கும் மனசு வராது. தப்பாகப் போட்டால், தினமும் அங்கே நிற்பவரின் முதுகும் முழங்காலும்தான் அதைச் சுமக்க வேண்டும். அதனால் மாடுலர் கிச்சன் கடைக்குப் போகும் முன்பே அளவு எடுத்துவிட வேண்டும். அறையையும் அளக்க வேண்டும், அங்கே சமைப்பவரையும் அளக்க வேண்டும்.

48 சதுர அடியின் கணக்கு

இந்தியாவின் தேசிய கட்டட விதித்தொகுப்பு, சமையலறை குறைந்தது 5 சதுர மீட்டர் பரப்பும் 1.8 மீட்டர் அகலமும் இருக்க வேண்டும் என்கிறது. அதாவது சுமார் 54 சதுர அடி; அகலம் கிட்டத்தட்ட ஆறடி. ஸ்டோர் ரூம் தனியாக இருந்தால் 4.5 சதுர மீட்டர், அதாவது 48 சதுர அடி போதும். ஆனால், நம் பிளாட்டுகளில் ஸ்டோர் ரூம் ஏது? அரிசி மூட்டை முதல் அப்பளக் கட்டு வரை எல்லாம் அந்த 48-க்குள்தான் அடங்க வேண்டும்.

மேடையின் அகலம் வழக்கமாக 2 அடி. ஆறடி அகல அறையில் ஒரு பக்கம் மட்டும் மேடை போட்டால், நிற்க 4 அடி கிடைக்கும். எதிரெதிரே இரண்டு மேடை போட்டால் நடுவில் 2 அடிதான் மிஞ்சும். அதில் குனிந்து கீழ் அலமாரியைத் திறந்தால் பின்னால் இடிக்கும். இரண்டாவது ஆள் உள்ளே வரவே முடியாது. எதிரெதிர் மேடைக்கு அறையின் அகலம் 7 அடியாவது வேண்டும். 6-க்கு 8 அறைக்கு ‘எல்’ வடிவ மேடைதான் பொருத்தம். பிரிட்ஜ் உள்ளே நுழையவில்லை என்றால் ஹாலில் இருக்கட்டும். அதில் குறைச்சல் ஒன்றும் இல்லை.

சுவரை ஒரே இடத்தில் அளந்தால் போதாது. தரையோரம், இடுப்பு உயரம், தலை உயரம் என்று மூன்று இடங்களில் டேப்பைப் பிடிக்க வேண்டும். பூச்சு வேலையில் சுவர் அரை அங்குலம் முன்னே பின்னே போயிருப்பது சகஜம். ஆலையில் வெட்டி வரும் மாடுலர் பெட்டிக்கு அந்த அரை அங்குலமே வில்லங்கம். டைல்ஸ் ஒட்டிய பிறகு எடுத்த அளவுதான் இறுதி அளவு.

பிறகு ஒரு சாக்பீஸ் எடுத்து, வரப்போகும் மேடை, சிங்க், அடுப்பு, பிரிட்ஜ் எல்லாவற்றையும் தரையில் வரைந்துவிடலாம். சமைப்பவர் அந்தக் கோட்டுக்குள் நின்று, காய் எடுப்பது, கழுவுவது, நறுக்குவது, அடுப்பில் வைப்பது என்று ஒருமுறை நடித்துப் பார்க்கட்டும். பிரிட்ஜ் கதவு எந்தப் பக்கம் திறக்கும், பால்கனிக் கதவு அடுப்பில் இடிக்குமா என்பதெல்லாம் அங்கேயே தெரிந்துவிடும். செலவு ஒரு சாக்பீஸ்தான்.

ஃபிராங்க்ஃபர்ட் கற்றுத் தந்தது

சின்னச் சமையலறை என்பது நம் புறநகருக்கு மட்டும் வந்த பிரச்னை இல்லை. முதல் உலகப் போருக்குப் பிறகு ஜெர்மனியில் கடுமையான வீட்டுப் பஞ்சம். ஃபிராங்க்ஃபர்ட் நகரம் தொழிலாளர் குடும்பங்களுக்காகக் குடியிருப்புகளைக் கட்டத் தொடங்கியது. அவற்றுக்காக மார்கரெட்டே ஷூட்டே-லிஹோட்ஸ்கி என்ற பெண் கட்டடக் கலைஞர் 1926-ல் ஒரு சமையலறையை வடிவமைத்தார். அகலம் 1.9 மீட்டர், நீளம் 3.4 மீட்டர். நம் கணக்கில் ஆறேகால் அடிக்குப் பதினொன்று. அகலத்தில் தாம்பரம் பிளாட்டுக்கும் அதற்கும் பெரிய வித்தியாசம் இல்லை.

ரயிலின் உணவுப் பெட்டியில் இருக்கும் குட்டிச் சமையலறையை அவர் முன்மாதிரியாக எடுத்துக்கொண்டார். ஒவ்வொரு வேலைக்கும் எத்தனை அடி நடக்க வேண்டியிருக்கிறது, எவ்வளவு நேரம் ஆகிறது என்று கணக்குப் பார்த்துப் பொருள்களின் இடத்தை முடிவு செய்தார். மாவு, பருப்பு, சர்க்கரை வைக்கப் பெயர் எழுதிய அலுமினிய இழுப்பறைகள் அடுக்கடுக்காக இருந்தன. சுமார் 10,000 வீடுகளில் அந்தச் சமையலறை பொருத்தப்பட்டது. இன்றைய மாடுலர் கிச்சனுக்கு அதுவே முன்னோடி. அதை வடிவமைக்கும் வரை தான் சமைத்ததே இல்லை என்று அவரே பின்னாளில் சொல்லியிருக்கிறார்! கவனித்துப் பார்த்ததும் அளந்ததும்தான் அவருக்குக் கைகொடுத்தன.

அதே சமையலறை மீது பிற்காலத்தில் ஒரு குறையும் சொல்லப்பட்டது. ஒரே ஒரு பெண் மட்டும் நின்று வேலை செய்யும்படி அளந்ததால், வீட்டில் வேறு யாரும் உதவிக்கு வர முடியவில்லை என்பதே அது. சாக்பீஸ் கோட்டுக்குள் ஒருவரை மட்டும் நிறுத்திப் பார்த்தால் நமக்கும் அதே கதைதான். அடுப்படியில் ஒருவர், சிங்க்கில் ஒருவர் என்று கணவன் மனைவி இருவரும் நின்று பார்ப்பது நல்லது.

முழங்கை சொல்லும் உயரம்

கொத்தனார் போடும் மேடை பெரும்பாலும் 32 முதல் 34 அங்குலம். அது எல்லோருக்கும் ஒத்துவராது. சமைப்பவர் செருப்பில்லாமல் நேராக நின்று முழங்கையை மடக்கட்டும். தரையிலிருந்து முழங்கை வரை எவ்வளவோ, அதில் 4 முதல் 6 அங்குலம் குறைத்தால் அதுதான் நறுக்கவும் பிசையவும் வசதியான உயரம். அடுப்பு வைத்தால் நாலைந்து அங்குலம் கூடும். அதன் மேல் குக்கரும் ஏறும். உயரம் குறைந்தவர்கள் இதையும் சேர்த்துக் கணக்கிட வேண்டும்.

டேபிள் டாப் கிரைண்டரைக் கீழ் அலமாரிக்குள் தள்ளிவிட்டால், மாவு அரைக்கும் நாளெல்லாம் அதைத் தூக்கி முதுகு பிடித்துக்கொள்ளும். மேடையின் கடைசியிலோ, பால்கனியில் ஒன்றரை அடித் திட்டிலோ அதற்கு நிரந்தர இடமும் பிளக் பாயின்ட்டும் கொடுத்துவிடலாம்.

துருத்தி நிற்கும் தூணையும் பயன்படுத்திக்கொள்ளலாம். தூணுக்கும் சுவருக்கும் நடுவே கிடைக்கும் முக்கால் அடி ஆழத்தில் வரிசையாகச் சிறு தட்டுகள் அடித்தால், மசாலா டப்பாக்களும் எண்ணெய் பாட்டில்களும் ஒற்றை வரிசையில் கண்ணுக்குத் தெரியும்படி நிற்கும். ஒன்றின் பின்னால் ஒன்று ஒளிந்து, காலாவதியான மல்லித் தூள் தீபாவளிக்குத்தான் கிடைக்கும் என்ற நிலை வராது. தூணையோ பீமையோ கொத்தி இடம் பண்ணுவது மட்டும் கூடவே கூடாது. மொத்தக் கட்டடமும் அவற்றின் மேல்தான் நிற்கிறது.

சிலிண்டருக்கு மூச்சு வேண்டும்

14.2 கிலோ சிலிண்டர் இரண்டடிக்கு மேல் உயரம், ஓரடிக்கு மேல் அகலம். அது எப்போதும் நிமிர்ந்தே நிற்க வேண்டும். அடுப்பு அதைவிட உயரத்தில் இருக்க வேண்டும். சமையல் கேஸ் காற்றைவிடக் கனமானது. கசிந்தால் தரையோரமாகப் படியும். அதனால், சிலிண்டர் வைக்கும் தடுப்புக்குக் கதவு போட்டால், அதன் அடியில் காற்றுப் போகத் துளைகள் அவசியம். அழகுக்காக முழுக்க மூடிய பெட்டி ஆபத்து.

சுரக்ஷா குழாய் 1.5 மீட்டருக்கு மேல் நீளக் கூடாது. 5 வருஷத்துக்கு ஒருமுறை மாற்ற வேண்டும். அலமாரிக்குள் ஒளிந்து போகாமல் கண்ணுக்குத் தெரியும் வழியில் போகட்டும். ரெகுலேட்டர் குனிந்து தேடாமல் கைக்கு எட்ட வேண்டும். கசிவு என்றால் அழைக்க வேண்டிய எண் 1906. அதை ஷட்டரின் உள்பக்கம் எழுதி ஒட்டிவிடலாம்.

தண்ணீரை மறந்தால் மரம் மறக்காது

புறநகரில் பல வீடுகளுக்கு போர்வெல் தண்ணீர்தான். உப்பு படியும், குழாய் இணைப்புகள் சொட்டும். முதலில் ஊறி உப்புவது சிங்க்குக்குக் கீழே இருக்கும் அலமாரிதான். அங்கே எம்.டி.எஃப்., பார்ட்டிக்கிள் போர்டு இரண்டும் வேண்டாம். பிளைவுட் என்றால் ஐ.எஸ். 710 முத்திரை உள்ளதா என்று பலகையிலேயே பார்க்க வேண்டும். அல்லது நம் ஊர்க் கடப்பா கல்லிலேயே தட்டுகள் போட்டு, முன்னால் ஷட்டர் மட்டும் மாட்டலாம். கடப்பாவைக் கரையான் தொடாது, தண்ணீரும் ஒன்றும் செய்யாது.

முடிச்சூர், வரதராஜபுரம், மேற்குத் தாம்பரம் பக்கம் தரைத்தளத்தில் இருப்பவர்களுக்கு இது இன்னும் முக்கியம். 2015 டிசம்பர் வெள்ளத்திலும் 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலிலும் இந்தப் பகுதிகளில் தண்ணீர் புகுந்தது. அப்படிப்பட்ட வீட்டில் கீழ்த்தட்டுகள் கல்லாகவோ ஸ்டீலாகவோ இருக்கட்டும். பிளக் பாயின்ட்டுகள் மேடைக்கு மேலே வரட்டும். அரிசி, பருப்புக்கு மேல் அலமாரியில் இடம் ஒதுக்கிவிடலாம்.

அபார்ட்மென்டில் சிங்க்கை வேறு சுவருக்கு மாற்ற ஆசைப்படுவோர் கழிவுநீர்க் குழாய்க்குச் சரிவு கிடைக்குமா என்று பிளம்பரிடம் கேட்டுவிட்டு முடிவெடுக்க வேண்டும். சரிவு இல்லாவிட்டால் அடைப்பும் ஒழுகலும்தான். அது கீழ்வீட்டுக் கூரையில் ஈரமாக இறங்கி, அடுத்த அசோசியேஷன் கூட்டத்தில் பஞ்சாயத்தாக வந்து நிற்கும்.

கையெழுத்துப் போடும் முன்

சதுர அடிக்கு இவ்வளவு என்று கடைக்காரர் சொன்னால், அது ஷட்டரின் முகப்புக்கா, உள்பெட்டியையும் சேர்த்தா என்று கேட்க வேண்டும். பலகையின் தரம், கீல், இழுப்பறைச் சேனல் ஆகியவற்றின் நிறுவனப் பெயர், முடித்துத் தரும் தேதி எல்லாம் கொட்டேஷனில் எழுத்தாக வேண்டும். பணத்தைத் தவணையாகக் கொடுத்து, கடைசித் தவணையை எல்லா ஷட்டரையும் திறந்து மூடிப் பார்த்த பிறகு தருவதே வழக்கமாக இருக்கட்டும்.

அதற்கும் முன்னால், வீட்டில் இருக்கும் பாத்திரங்களைத் தரையில் பரப்பி மூன்றாகப் பிரித்துவிடலாம். தினமும் எடுப்பவை கைக்கெட்டும் உயரத்துக்கு. பண்டிகைக்கு எடுக்கும் பித்தளைப் பானையும் இட்லி கொப்பரையும் பரணுக்கு. இரண்டு வருஷமாகத் தொடாதவை வெளியே. எத்தனை அலமாரி தேவை என்ற கேள்விக்கு அப்போதுதான் சரியான பதில் கிடைக்கும். பல வீடுகளில், கடைக்காரர் சொன்னதைவிட அது ஒன்றிரண்டு குறைவாகவே இருக்கும்.