நோயில் துணையாகும் தையல்

நோய் என்றவுடன் நம் நினைவுக்கு வருவன மருந்தும் படுக்கையும் ஆகும். சின்னாள் நோய்க்கு அவை போதும். காய்ச்சல் கண்டவர் மருந்துண்டு படுத்திருந்து, ஐந்தாறு நாளில் எழுந்து தம் கடமையைப் பார்க்கப் போய்விடுகிறார். ஆனால் எல்லா நோயும் விருந்தினர்போல் வந்து போய்விடுவதில்லை. சில நோய்கள் வீட்டிலேயே குடியேறிவிடுகின்றன. முடக்குவாதம், ஈளை, நீரிழிவு, இதய நலிவு முதலியவை ஆண்டுக்கணக்கில் மனிதரோடு உடன் வாழ்வன. இவற்றை உடையவர்கள் நோயோடு வாழக் கற்றாக வேண்டும். ‘நாளை எவ்வாறு கழிப்பது?’ என்பது அவர்களுக்கு மருந்தைப் போலவே பெரியதொரு வினா. வீட்டில் இருந்தபடியே தமக்கும் தம்மவர்க்கும் உடை தைக்கும் பொழுதுபோக்கு, அவ்வினாவுக்குத் தக்க விடைகளுள் ஒன்று என்பது என் கருத்து.

நெடுநாள் நோய் உடலின் வலிமையை மட்டும் கவர்வதில்லை. உள்ளத்தின் உறுதியையும் சிறிது சிறிதாக அரித்துவிடுகிறது. வீட்டில் எல்லாரும் உழைக்க, தாம் மட்டும் உண்டு உறங்கிக் கிடப்பதாக நோயாளர் எண்ணுகின்றனர். குடிக்கத் தண்ணீர் வேண்டுமானாலும் பிறரைக் கேட்க வேண்டியிருக்கிறது. கொடுப்பவர் அன்போடுதான் கொடுக்கிறார். ஆயினும் எந்நாளும் பெறுபவராகவே இருப்பது எவருக்கும் எளிதன்று. ‘என்னால் யாருக்கு என்ன பயன்?’ என்னும் ஏக்கம் உள்ளத்தில் எழுகிறது. இந்த ஏக்கத்திற்கு ஆறுதல் மொழி மருந்தாகாது. ‘கவலைப்படாதே’ என்று நூறு முறை சொல்வதைவிட, அவர் கையாலேயே ஒரு பொருள் உருவாகி, அது மற்றொருவருக்குப் பயன்படுவதை அவர் கண்ணாலேயே காணச் செய்வது மேலானது.

‘நோயாளர்க்கு வேலை எதற்கு? ஓய்வன்றோ வேண்டும்?’ என்று சிலர் கேட்பர். ஓய்வு வேண்டியதே. ஆனால் ஓய்வு வேறு. செயலற்றுக் கிடத்தல் வேறு. செயலுக்குப் பின் வருவது ஓய்வு. செயலே இல்லாதபோது வருவது சலிப்பு. திருவள்ளுவர் மருத்துவத்தை நான்கு கூறுகளாகப் பகுத்தபோது, நோயுற்றவனையே முதற்கூறாக வைத்தார். மருத்துவனும், மருந்தும், உடனிருந்து உதவுவோனும் அவனுக்குப் பின்னரே வருகின்றனர். நோயாளர் மருந்தை வாங்கிக்கொள்ளும் வெறுங்கலம் அல்லர். நலம் பெறும் முயற்சியில் அவர்க்கும் பங்கு உண்டு என்பது இதனால் விளங்கும்.

நம் நாட்டில் நிகழ்ந்த ஓர் ஆராய்ச்சியையும் இங்கு நினைத்தல் தகும். ஒரு காலத்தில் காசநோய் உற்றவர்கள் மாதக்கணக்கில் மருத்துவ விடுதியில் படுத்திருக்க வேண்டும் என்று கருதப்பட்டது. 1956ஆம் ஆண்டில் சென்னையில் தொடங்கப்பெற்ற காசநோய் ஆராய்ச்சி நிலையம் அக்கருத்தைச் சோதித்துப் பார்த்தது. ஒரே மருந்துகளைப் பெற்ற நோயாளருள் ஒரு குழுவினர் விடுதியிலும், மற்றொரு குழுவினர் தத்தம் வீட்டிலும் ஓராண்டு மருத்துவம் பெற்றனர். வீட்டில் இருந்தவர்களுக்கு நல்லுணவும் குறைவு, ஓய்வும் குறைவு. ஆயினும் அவர்களும் விடுதியில் இருந்தவர்களைப் போலவே நலம் பெற்றனர். 1959இல் வெளிவந்த இம்முடிவு, உலக மருத்துவர்களின் எண்ணத்தையே மாற்றியது. நோயைத் தீர்த்தது மருந்து, படுக்கை அன்று. எல்லா நோய்க்கும் இது பொருந்தும் என்று கூறுதல் தவறாகும். ஆனால், நோயாளர் என்றாலே அசையாமல் கிடக்க வேண்டும் என்னும் எண்ணம் எப்போதும் உண்மையாகாது என்பதை இது நமக்குக் காட்டுகிறது.

கைத்தொழில் வாயிலாக நோயாளரைத் தேற்றும் முறை, மேலை நாட்டில் தனியொரு மருத்துவத் துறையாகவே வளர்ந்தது. அமெரிக்காவில் ஜார்ஜ் பார்ட்டன் என்னும் கட்டடக் கலைஞர் காசநோயாலும், பின்னர் இடப்பக்கம் செயலிழந்தமையாலும் பெரிதும் துன்புற்றார். தோட்ட வேலையும் தச்சு வேலையும் செய்து தம்மைத் தாமே தேற்றிக்கொண்டார். தாம் பெற்ற பயனைப் பிறரும் பெறவேண்டும் என்று விரும்பி, 1914இல் அதற்கென ஓர் இல்லம் அமைத்தார். அந்த இல்லத்தில் 1917இல் கூடிய சிலரே, இத்துறைக்கு அந்நாட்டில் முதற் சங்கத்தை நிறுவினர்.

அதே காலத்தில் முதல் உலகப் போர் நடந்தது. கை கால் இழந்து திரும்பிய இங்கிலாந்து வீரர்களுக்கு ஊசியும் நூலும் துணையாயின. போரில் காயமுற்ற நடிகரான எர்னஸ்ட் தெசிஜர் என்பவர், ஊனமுற்ற வீரர்களுக்கெனப் பூத்தையல் அமைப்பு ஒன்று உருவாகக் காரணமாக இருந்தார். இலண்டன் புனித பவுல் பேராலயத்தில் 1919இல் நடந்த அமைதி வழிபாட்டிற்கு, நூற்றுக்கு மேற்பட்ட காயமுற்ற வீரர்கள் பகுதி பகுதியாகத் தைத்துத் தந்த பீடத்துணி விரிக்கப்பட்டது. துப்பாக்கி ஏந்திய கைகள் ஊசி ஏந்தின என்பதை எண்ணிப் பாருங்கள். தையல் பெண்களுக்கு மட்டுமே உரியது என்னும் வாதத்திற்கு இதைவிட நல்ல மறுப்பு வேண்டுவதில்லை. நம் கடைத்தெருவிலும் தையற்பொறியின்முன் அமர்ந்திருக்கும் ஆடவர் பலரைக் காண்கிறோம். கடையில் ஆடவர்க்கு இழுக்காகாத தொழில், வீட்டில் மட்டும் எவ்வாறு இழுக்காகும்?

தொழில்கள் பலவிருக்கத் தையலை ஏன் சிறப்பித்துக் கூறவேண்டும்? நோயாளர்க்கு ஏற்ற தொழில், வேண்டியபோது நிறுத்தக்கூடியதாக இருக்க வேண்டும். சிறுகச் சிறுகச் செய்தாலும் முடிவு தருவதாக இருக்க வேண்டும். முடிந்தபின் பயன்படுவதாகவும் இருக்க வேண்டும். அடுப்பில் ஏற்றிய உலை காத்திராது. பருவம் வந்த பயிர் காத்திராது. துணி காத்திருக்கும். ஒரு சிறுமியின் பாவாடையை எடுத்துக்கொள்வோம். பருத்தித் துணி முதல் நனைப்பில் சுருங்கும். ஆதலின் முதல் நாள் அதனை நனைத்து உலர்த்தி வைக்கலாம். மறுநாள் இடுப்பளவும் உயரமும் எடுத்து, துணியில் கோடிட்டு வெட்டலாம். அடுத்த நாள் பக்கங்களை இணைக்கலாம். பின்னர் இடுப்பில் சுருக்கு வைத்துப் பட்டி தைக்கலாம். இறுதியாக அடியை மடித்துத் தைக்கலாம். வளரும் சிறுமி ஆதலின், அடியில் மடிப்புச் சற்றுக் கூடுதலாக வைத்தால், அடுத்த ஆண்டு அதனைப் பிரித்து நீளமாக்கிக்கொள்ளலாம். இடையில் நோய் மிகுந்து ஒரு வாரம் எழ முடியாமற் போயினும் கேடில்லை. விட்ட இடத்தில் ஊசி காத்திருக்கும்.

தையல் மனத்திற்கும் ஒரு பிடிப்பைத் தருகிறது. கோணாமல் தைக்க வேண்டுமானால் கண்ணும் கையும் கருத்தும் ஒன்றுபட வேண்டும். அந்த அரைமணி நேரம், வலியையே எண்ணிக்கொண்டிருந்த மனம் இழையை எண்ணுகிறது. வலி போய்விடுவதில்லை. ஆனால் மனத்தின் முழு இடத்தையும் அது பிடித்துக்கொள்வதும் இல்லை. தவறாகத் தைத்தாலும் பிரித்து மீண்டும் தைக்கலாம். வாழ்க்கையில் பிரித்துத் தைக்க முடியாதவை பல உண்டு. அவற்றால் வருந்தும் ஒருவர்க்கு இது சிறியதோர் ஆறுதலாகும்.

‘கடையில் ஆயத்த ஆடை மலிவாகக் கிடைக்கும்போது வீட்டில் தைத்து அல்லற்படுவானேன்?’ என்பது இன்று பலரும் கேட்கும் கேள்வி. ஆயத்த ஆடைகள் பொதுவானதோர் உடலை நினைத்து வெட்டப்படுகின்றன. நோயோ ஒவ்வோர் உடலையும் ஒவ்வொரு வகையாக மாற்றிவிடுகிறது. தோளை உயர்த்த முடியாதவர்க்குத் தலைவழியாக அணியும் சட்டை ஒரு தண்டனை. அவர்க்கு முன்புறம் முழுதும் திறக்கும் சட்டையும், அகன்ற கைக்குழியும் வேண்டும். விரல்கள் வீங்கியவர்க்குச் சிறு பொத்தானும் கொக்கியும் பகையாகும். அவர்க்குப் பெரிய பொத்தானோ, ஒட்டுப்பட்டையோ வைக்கலாம். வயிறு அடிக்கடி வீங்கிச் சுருங்குவோர்க்கு, இடுப்பில் இறுகக் கட்டும் நாடாவைவிட நெகிழும் பட்டி நன்று. நாள்தோறும் உடை உடுத்தப் பிறர் உதவியை நாடிய ஒருவர், தாமே தைத்த சட்டையைத் தாமே அணிந்துகொள்ளும் நாள் அவர் வாழ்வில் ஒரு திருநாள் ஆகும். உடைக்கு ஏற்ப உடலை வருத்தாமல், உடலுக்கு ஏற்ப உடையை அமைத்துக்கொள்ளும் உரிமையைத் தையல் தருகிறது. இவ்வுரிமையை விலைகொண்டு மதிப்பிடுதல் இயலாது.

இனி, தையலின் எல்லையையும் அறிதல் வேண்டும். தையல் நோயைத் தீர்க்கும் மருந்து அன்று. மருத்துவர் தந்த மருந்தை நிறுத்திவிட்டு ஊசியை நம்புதல் பேதைமை. எந்த வேலை எவ்வளவு செய்யலாம் என்பதையும் மருத்துவரிடம் கேட்டறிதல் வேண்டும். குனிந்து நெடுநேரம் தைத்தால் கழுத்தும் முதுகும் நோகும். ஆகவே சிறிது நேரத்திற்கொருமுறை எழுந்து உடலை நிமிர்த்த வேண்டும். முடக்குவாதம் உடையோர்க்குக் காலையில் விரல்கள் இறுகியிருக்கும். இறுக்கம் தளர்ந்தபின் தைப்பதே அவர்க்கு நலம். தடித்த துணியை வெட்டும் வேலையைப் பிறரிடம் விடலாம். நீரிழிவால் விரல் மரத்தவர்கள், ஊசி குத்துவதையும் உணராமற் போகலாம். அவர்கள் விரல்நுனியில் உறை அணிந்து, வேலை முடிந்ததும் விரல்களைப் பார்த்துக்கொள்ள வேண்டும். ஈளை உடையோர் பழந்துணியைத் துவைத்துத் தூசி நீக்கிய பின்னரே கையாளுதல் நன்று.

தையற்பொறியையும் உடலுக்கேற்பத் தேர்ந்துகொள்ளலாம். கால் நலிந்தவர்க்குக் கையால் சுழற்றும் பொறி உண்டு. மின்னால் இயங்கும் பொறியும் உண்டு. பொறிகளின் பெருக்கத்தை ஏற்காத காந்தியடிகளும், 1924இல் தையற்பொறிக்கு விலக்கு அளித்தார். மனிதனை விரட்டாமல் அவன் சுமையைக் குறைக்கும் பொறி என்று அதனை அவர் மதித்தார். அத்தகைய பொறி நோயாளரின் வீட்டில் இருத்தல் மிகப் பொருத்தமன்றோ?

மற்றொன்றும் நினைவில் வைத்தல் வேண்டும். ஒருவர் நன்றாகத் தைக்கிறார் என்று தெரிந்தவுடன், ‘எனக்கொன்று, என் பிள்ளைக்கொன்று’ என்று அண்டை அயலார் துணியோடு வருவர். பண்டிகைக்கு முன் வேண்டும் என்று நாளும் குறிப்பர். அன்றே பொழுதுபோக்கு வேலையாக மாறிவிடும். வருவாய் வேண்டுவோர் அதனை ஏற்கட்டும். அது அவர் விருப்பம். ஆனால் நோயாளரைத் தவணை துரத்தலாகாது. அவர்க்குத் தையல் தரும் நன்மையே, அவரது உடல் இசைவுபோல் அது நடக்கும் என்பதுதான். அந்த உரிமை போய்விட்டால் ஊசியும் மற்றொரு சுமையாகும்.

மாணவர்களே! உங்கள் வீட்டிலோ அண்டை வீட்டிலோ நெடுநாள் நோயுற்றவர் இருத்தல் கூடும். அவர் கையில் ஊசியைக் கண்டால், ‘உங்களுக்கு ஏன் இந்தத் தொல்லை?’ என்று அன்பினால் பிடுங்கிவிடாதீர்கள். அந்த அன்பு அவர்க்கு எஞ்சியிருக்கும் ஒரு செயலையும் பறித்துவிடும். அவர் கண் மங்கியிருந்தால் ஊசியில் நூல் கோத்துக் கொடுங்கள். கீழே விழுந்த நூற்கண்டை எடுத்துக் கொடுங்கள். வெளிச்சம் வரும் பக்கமாக நாற்காலியை நகர்த்திப் போடுங்கள். மற்றவற்றை அவரே செய்யட்டும். நலமாக இருக்கும்போதே நீங்களும் ஆணும் பெண்ணுமாக ஒரு பொத்தானைத் தைக்கவும், கிழிந்ததை ஒட்டுப் போடவும், ஓர் உறையை மடித்துத் தைக்கவும் கற்றுக்கொள்ளுங்கள். இளமையில் பழகிய கை, நோயுற்ற காலத்திலும் தன் பழக்கத்தை எளிதில் மறப்பதில்லை.

நோய் வருவதும் வாராதிருப்பதும் எப்போதும் நம் கையில் இல்லை. வந்த நோயோடு வாழும் நாள்களை வெறுமையாக விடாமல், இயன்ற செயலால் நிரப்புவது பெரும்பாலும் நம் கையில் உள்ளது. நாளுக்கு ஒரு சாண் தைத்தாலும் தைத்தது தைத்ததே. அந்த ஒரு சாண் தையல், ‘நான் இன்றும் பயன்படுகிறேன்’ என்னும் நம்பிக்கையை நோயாளரின் உள்ளத்தில் இணைத்துத் தைத்துவிடுகிறது.