காலுக்கு ஏற்ற வண்டி வேண்டும்! ஸ்பிரிங்கை வெட்டாதீர்!

மோட்டார் சைக்கிள் ஓட்டுகிறவருக்குக் கால் தரையில் பட வேண்டும். படாவிட்டால் ஆபத்து!

சிக்னலில் வண்டி நிற்கிறது. பின்னால் பஸ் உறுமுகிறது. இடது காலை ஊன்றப் போனால் தரை எட்டவில்லை! சென்னை ரோடுகளில் நடுவில் மேடு, ஓரத்தில் சரிவு. மழைத் தண்ணீர் வடிவதற்காக அப்படி. ஓரமாக நிற்பவருக்கு இடது பக்கத் தரை இன்னும் கீழே போய்விடுகிறது. 195 கிலோ வண்டி சாய்ந்தால் கால் கட்டைவிரல் தாங்குமா?

உயரம் குறைவாக இருப்பது யார் குற்றமும் அல்ல. 1996-ல் பிறந்த இந்தியர்களின் சராசரி உயரம், ஆண்களுக்குச் சுமார் 165 சென்டிமீட்டர். பெண்களுக்குச் சுமார் 153 சென்டிமீட்டர். 2016-ல் வெளியான உலக ஆய்வு தந்த கணக்கு இது.

வண்டிகளின் சீட் உயரத்தைப் பாருங்கள். ஸ்பிளெண்டர் பிளஸ் 78.5 சென்டிமீட்டர். கிளாசிக் 350 வண்டி 80.5. ஹிமாலயன் 450 வண்டி 82.5. பேன்ட் தைக்கும்போது டெய்லர் எடுக்கிற உள்கால் அளவோ பலருக்கு 70-லிருந்து 75-க்குள் முடிந்துவிடும். பிறகு கால் எப்படி எட்டும்?

எனவே, "அண்ணே, காலு எட்டல. பின்னாடி கொஞ்சம் எறக்கிக் குடுங்க" என்று மெக்கானிக்கிடம் போய் நிற்கிறவரைக் குறை சொல்ல முடியாது. கேட்பது நியாயம். கிடைக்கிற வைத்தியத்தில்தான் கோளாறு!

"ரெண்டு சுத்து வெட்டி வுட்டா சரியாப் போயிடும் தம்பி" என்கிறார்கள் சிலர். ஸ்பிரிங்கை வெட்டுகிறார்கள். சிலர் நெருப்பில் காட்டி அமுக்குகிறார்கள். இன்னும் சிலர் ஏதோ ஒரு வண்டியின் குட்டை ஷாக் அப்சர்பரைக் கொண்டு வந்து மாட்டிவிடுகிறார்கள்.

வெட்டினால் என்ன ஆகும்?

சுற்று குறைந்த ஸ்பிரிங் மெத்தென்று ஆகாது. முன்னைவிட விறைப்பாகிவிடும். பள்ளத்தில் விழுந்தால் அடி நேராக முதுகெலும்புக்கு! வெட்டிய முனை தன் இடத்தில் சரியாக உட்காராது. சக்கரம் தூக்கும்போது ஸ்பிரிங் கழன்று ஆடும். நெருப்பில் காட்டிய ஸ்பிரிங்கோ பதம் போய், நாளடைவில் அமுங்கியே கிடக்கும்.

பின்பக்கம் மட்டும் தாழ்ந்தால் முன்பக்கம் தூக்கும். ஹேண்டில் திரும்ப மந்தமாகும். ஹெட்லைட் வெளிச்சம் மேலே ஏறி, எதிரே வருகிறவர் கண்ணைப் பறிக்கும். வண்டி தாழ்ந்துவிட்டதால் சைடு ஸ்டாண்டு நீளமாகிவிடும். வண்டி சாயாமல் நெட்டுக்குத்தலாக நின்று, லேசாகத் தள்ளினாலே வலது பக்கம் விழும். செயின் தளர்ச்சியும் மாறும்.

மனைவியையோ பிள்ளையையோ பின்னால் உட்கார வைத்தால் இன்னும் மோசம். டயர் மட்கார்டில் உரசும். வளைவில் சாயும்போது ஸ்டாண்டு தரையைக் கீறும். சாலை விதிப்படி போட்ட வேகத்தடையே 10 சென்டிமீட்டர் உயரம். தெருவாசிகள் தாங்களாகவே போட்டுக் கொண்ட மேடுகளுக்கு அளவே கிடையாது! வண்டியின் அடிவயிறு என்ன பாடுபடும்?

சட்டமும் சும்மா விடாது. கம்பெனி தந்த அசல் விவரத்துக்கு மாறாக வண்டியை மாற்றக் கூடாது என்கிறது 1988-ம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-வது பிரிவு. இதை 2019 ஜனவரியில் சுப்ரீம் கோர்ட்டும் உறுதி செய்தது. அதே ஆண்டு கொண்டு வந்த திருத்தம், அனுமதியில்லாத மாற்றம் ஒவ்வொன்றுக்கும் வண்டிக்காரருக்கு 5 ஆயிரம் ரூபாய் அபராதம் அல்லது 6 மாதம் வரை ஜெயில், அல்லது இரண்டும் என்கிறது. மாட்டிக் கொள்கிறவர் வண்டிக்காரர்தான்!

என்ன செய்யலாம்?

முதலில் சீட்டைக் கவனிக்க வேண்டும். முன்பக்க நுரையைக் கொஞ்சம் சீவி, இரண்டு ஓரத்தையும் ஒடுக்கினாலே கால் நேராக இறங்கும். சீட் அகலம் கால்களை விரித்துவிடுவதால்தான் பாதி உயரம் வீணாகிறது. நல்ல சீட் தையல்காரர் இதை அழகாகச் செய்வார். பிடிக்காவிட்டால் பழைய சீட்டை மாட்டிக் கொள்ளலாம்.

அடுத்து, பல வண்டிகளின் ஷாக் அப்சர்பரிலேயே ஸ்பிரிங் இறுக்கத்தைக் கூட்டிக் குறைக்கும் வளையம் இருக்கிறது. தனியாகப் போகும்போது ஒரு படி தளர்த்தினால் உட்கார்ந்ததும் வண்டி கொஞ்சம் தணியும். பின்னால் ஆள் ஏறினால் மறுபடி ஏற்றிவிட வேண்டும். மறக்கக் கூடாது! தடித்த அடியுள்ள ஷூவும் ஒரு சென்டிமீட்டர் கொடுக்கும்.

அதற்கும் எட்டாவிட்டால், அந்த வண்டிக்கென்றே செய்த உதிரிப் பாகம் உண்டா என்று கம்பெனி சர்வீஸ் நிலையத்தில் கேட்பதே முறை. பின்பக்கம் இறங்கினால் முன்பக்கமும் அதற்கேற்ப இறங்க வேண்டும். ஸ்டாண்டு, செயின், ஹெட்லைட் மூன்றையும் சரிபார்த்த பிறகே வண்டியை எடுக்க வேண்டும்.

கம்பெனிகளுக்கும் பொறுப்பு உண்டு. 1955-ல் சென்னையில் புல்லட் பூட்டத் தொடங்கியபோது அது இங்கிலாந்தில் வரைந்த வண்டி. சீமைக்காரர் காலுக்கு அளவெடுத்தார்கள் என்று சமாதானம் சொல்லலாம். இன்று வண்டி செய்வதும் இங்கே, வாங்குவதும் இங்கே! ஹிமாலயன் 450-க்கு 80.5 சென்டிமீட்டரில் தாழ்வான சீட் கிடைக்கிறது. ஒரு வண்டிக்கு முடிந்தது மற்ற வண்டிகளுக்கு ஏன் முடியாது? தாழ்வான சீட்டும், கம்பெனியே சோதித்த குட்டை ஷாக் அப்சர்பரும், அதற்கேற்ற ஸ்டாண்டும் ஷோரூமிலேயே கிடைக்க வேண்டும். விலைப் பட்டியலில் மைலேஜுக்குப் பக்கத்தில் சீட் உயரத்தையும் பெரிதாகப் போட வேண்டும்.

செருப்பு வாங்கப் போனால் கடைக்காரர் கால் அளவு கேட்கிறார். லட்ச ரூபாய்க்கு மேல் வண்டி விற்கிறவர் கேட்க வேண்டாமா?