எவரெஸ்டில் ஒரு பிளாஸ்க் டீ

உலை கொதித்தால் அரிசி வெந்துவிடும் என்பது நம் அடுப்படிக் கணக்கு. மலை மேலே போனால் இந்தக் கணக்கு செல்லாது, சகோதரிகளே! உயரம் ஏற ஏறக் காற்றின் அழுத்தம் குறைகிறது. அழுத்தம் குறைந்தால் தண்ணீர் சீக்கிரமே கொதித்துவிடும். எங்கள் பெரம்பலூரில் ஏறத்தாழ 100 டிகிரியில் கொதிக்கிற தண்ணீர், எவரெஸ்ட் உச்சியில் சுமார் 70 டிகிரியிலேயே தளதளவென்று கொதிக்கும். ஆனால் அதில் அரிசியைப் போட்டால் வேகாது. மலையேறுகிறவர்கள் பிரஷர் குக்கரையும் மூட்டையில் கட்டிக்கொண்டு போவது இதனால்தான். அங்கே கிணறு ஏது, குழாய் ஏது? பனிக்கட்டியை வெட்டியெடுத்து அடுப்பில் உருக்கினால்தான் ஒரு வாய் தண்ணீர்.

அப்படிப்பட்ட இடத்தில் ஒரு பிளாஸ்கில் டீயும், இன்னொன்றில் பழரசமும் நிரப்பிக்கொண்டு, பின்னால் களைத்துப்போய் வருகிறவர்களைத் தேடிப் பனிச்சரிவில் இறங்கிப் போனார் ஒரு பெண். அவர்தான் பச்சேந்திரி பால். எவரெஸ்ட் ஏறிய முதல் இந்தியப் பெண் என்று நம் பிள்ளைகள் ஒரு வரியில் ஒப்பித்துவிட்டுப் போய்விடுவார்கள். எனக்கென்னவோ அவர் உச்சியைத் தொட்டதைவிட அந்தப் பிளாஸ்க்தான் மனசில் நிற்கிறது.

இமயமலைச் சாரலில் உத்தரகாசிக்குப் பக்கத்திலுள்ள நகுரி என்ற சிற்றூரில் 1954 மே 24ஆம் தேதி பிறந்தவர் பச்சேந்திரி. அப்பா கிஷன் சிங் பால், ஒரு காலத்தில் திபெத் எல்லைக்குப் பொதி ஏற்றிப் போய் வியாபாரம் செய்தவர். வசதியில்லாத குடும்பம், ஐந்து குழந்தைகள். பன்னிரண்டு வயதில் பள்ளித் தோழிகளோடு விளையாட்டாய்ப் போன பச்சேந்திரி, சுமார் 13,000 அடி உயரம் ஏறிவிட்டாராம். பிறகு தையல் தைத்துச் சம்பாதித்துப் படிப்பைத் தொடர்ந்தார். எம்.ஏ., பி.எட். முடித்தார். இவ்வளவு படித்த பெண் டீச்சர் வேலைக்குப் போகாமல் மலையேறப் போகிறேன் என்றால் வீட்டில் என்ன சொல்லியிருப்பார்கள்? எதிர்த்தார்கள். பெற்றவர்களை நான் குறை சொல்ல மாட்டேன். கஷ்டப்பட்டுப் படிக்க வைத்தவர்களுக்கு மாதச் சம்பளம்தானே கண்ணில் தெரியும்?

அவர் உத்தரகாசி நேரு மலையேற்றப் பயிற்சி நிலையத்தில் சேர்ந்தார். 1982இல் 6,672 மீட்டர் உயரமுள்ள கங்கோத்ரி சிகரத்தை ஏறினார். எவரெஸ்ட் குழுவில் இடம் கிடைத்தது. புல்லும் விறகும் சுமந்து மலைப்பாதையில் ஏறி இறங்கிய உடம்புதான் அவருக்கு மூலதனம். எங்கள் ஊருக்கு மேற்கே பச்சைமலையில் விறகுச் சுமையோடு இறங்கி வருகிற பெண்களைப் பார்த்திருப்பவர்களுக்கு இது புரியும். அந்தப் பெண்களின் நடையைப் பார்த்துவிட்டு, செட்டிகுளத்தில் கையில் கரும்போடு நிற்கிற முருகனைப் பார்க்கப் படியேறும்போது நான் வாங்குகிற மூச்சை நினைத்தால் வெட்கமாக இருக்கும்.

1984 மே 15, புத்த பூர்ணிமை. சுமார் 24,000 அடி உயரத்தில் மூன்றாவது முகாம். நள்ளிரவில் பனிப்பாறை சரிந்து கூடாரங்களின் மேல் விழுந்தது. தூங்கிக்கொண்டிருந்த பச்சேந்திரி பனிக்கட்டிக்குள் புதைந்து போனார். தலையில் அடி. கூட இருந்தவர் கத்தியால் கூடாரத்தைக் கிழித்து, பனியைத் தோண்டி அவரை வெளியே இழுத்தார். காயம்பட்ட பலர் கீழே இறங்க வேண்டியதாயிற்று. பயந்துவிட்டாயா என்று தலைவர் கர்னல் குல்லர் கேட்டபோது ஆமாம் என்றாராம். திரும்பிப் போகிறாயா என்றதற்கு இல்லை என்றாராம். பயமே இல்லை என்று அவர் வீறாப்புப் பேசவில்லை, பாருங்கள்! அதனால்தான் அந்தப் பதிலை நான் நம்புகிறேன்.

உச்சிக்குப் போவதற்கு முந்தின நாள், தெற்குக் கணவாய் முகாமுக்கு முதலில் வந்து சேர்ந்துவிட்டார். உணவு, கேஸ், பிராணவாயு சிலிண்டர் எல்லாவற்றையும் தயார் செய்தார். அதன் பிறகுதான் அந்த இரண்டு பிளாஸ்கும். ஊசியாய்க் குத்துகிற காற்றில் இறங்கிப் போய்க் கொடுத்தார். ஏன் இந்த ஆபத்தான வேலை என்று கூட வந்தவர்கள் திகைத்தார்கள். நானும் உங்களைப் போல மலையேறுகிறவள்தானே, உதவக்கூடாதா என்பது அவர் பதில். பெண் என்பதால் டீ போட்டுக் கொடுத்தார் என்று யாராவது சொன்னால் எனக்குக் கோபம் வரும். அந்த உயரத்தில் ஒரு மடக்குச் சூடான பானம் வெறும் உபசாரமல்ல, மருந்து. காற்றில் ஈரமே கிடையாது. வேகவேகமாக மூச்சுவிடும்போது அந்த மூச்சோடேயே உடம்பின் தண்ணீர் போய்விடும். தாகமோ எடுக்காது. தண்ணீர் குறைந்தால் ரத்தம் கெட்டிப்படும், விரல்கள் பனியில் மரத்துக் கருகிப்போகும் அபாயமும் கூடும். ஆகையால் தினம் மூன்று நான்கு லிட்டர் குடித்தே தீர வேண்டும் என்பது மலையேறுகிறவர்களின் விதி. ஆண், பெண் எல்லாருக்கும் ஒரே விதிதான்.

இங்கே நாம் என்ன செய்கிறோம்? சித்திரை வெயிலில் அரியலூர் பஸ்ஸில் ஏறுவதற்கு முன்னால், வழியில் ஒதுங்க இடமிருக்காதே என்று தண்ணீர் குடிக்காமலே கிளம்புகிறோம். கல்யாண வீட்டிலும் அப்படித்தான், வயல் வேலையிலும் அப்படித்தான். நாள் முழுக்க நாக்கு வறண்டு, ராத்திரி நீர்க்கடுப்பு. அப்புறம் கல்லு என்று டாக்டரிடம் ஓட்டம். சாக்கு சொல்ல நமக்கு நியாயம் இருக்கிறது, சுத்தமான கழிப்பறை இல்லாத ஊர்கள் எத்தனையோ. ஆனால் கூடாரத்துக்கு வெளியே உறைபனி, உள்ளே ஆண்களும் பெண்களுமாக இருக்கும் இடத்தில் அந்தப் பெண்கள் கூச்சப்பட்டுத் தண்ணீரைக் குறைக்கவில்லை. குறைத்திருந்தால் உயிர் தங்காது.

மறுநாள் மே 23. நாலு மணிக்கு எழுந்து பனியை உருக்கி டீ போட்டு, கொஞ்சம் பிஸ்கட்டும் அரை வில்லைச் சாக்லேட்டும் சாப்பிட்டார். 6.20 மணிக்கு அங் தோர்ஜி என்ற ஷெர்பாவோடு கிளம்பினார். பகல் 1.07 மணிக்கு உச்சி! மண்டியிட்டு நெற்றியைப் பனியில் வைத்து வணங்கினார். துர்க்கை படத்தையும் அனுமன் சாலிசாவையும் சிவப்புத் துணியில் சுற்றிப் பனியில் புதைத்தார். மறுநாள் அவருக்கு முப்பது வயது நிறைவு. உலகத்திலேயே எவரெஸ்ட் ஏறிய ஐந்தாவது பெண் அவர். முதலாமவர் 1975இல் ஏறிய ஜப்பானின் ஜுங்கோ தாபே. கைக்குழந்தைப் பருவம் தாண்டிய சின்னப் பெண்ணுக்குத் தாய் அவர். பெண்கள் வீட்டிலிருந்து பிள்ளை வளர்க்கட்டும் என்று அவர் குழுவுக்குப் பணம் தர மறுத்தவர்களும் உண்டு.

எவரெஸ்டின் உச்சிப்பாறை என்ன கல் தெரியுமோ? சுண்ணாம்புக்கல். ஒரு காலத்தில் கடலுக்கு அடியில் இருந்தது, கடல் உயிர்களின் எச்சம் அதில் இருக்கிறது. எங்கள் அரியலூர்க்காரர்கள் சிமெண்டுக்கு வெட்டுவதும் கடல் சிப்பிகள் பதிந்த சுண்ணாம்புக்கல்தான். இரண்டும் வேறு வேறு யுகத்துக் கடல் என்றாலும், ஏதோ பங்காளி உறவு மாதிரி எனக்கு ஒரு சந்தோஷம்!

பச்சேந்திரி அதோடு நிற்கவில்லை. 1993இல் அவர் தலைமையில் போன இந்திய - நேபாளப் பெண்கள் குழுவில் ஏழு பெண்கள் எவரெஸ்ட் ஏறினார்கள். ரயிலிலிருந்து தள்ளிவிடப்பட்டுக் காலை இழந்த அருணிமா சின்கா, செயற்கைக் காலோடு 2013இல் எவரெஸ்ட் ஏறினாரே, அவருக்கு வழிகாட்டியதும் பச்சேந்திரிதான். 2019இல் பத்மபூஷண் கிடைத்தது. நம் தமிழ்நாட்டிலிருந்து முதல் பெண்ணாக எவரெஸ்ட் ஏறிய முத்தமிழ்ச்செல்வி இரண்டு பெண் குழந்தைகளுக்குத் தாய். அவர் உச்சி தொட்டது 2023இல், அதே மே 23ஆம் தேதி.

அதற்கு முந்தின வருஷம், 67 வயதில், பச்சேந்திரி இன்னொரு காரியம் செய்தார். ஐம்பது வயதைத் தாண்டிய பெண்களாகவே சேர்த்துக்கொண்டு அருணாசலப் பிரதேசத்திலிருந்து கார்கில் பக்கம் வரை இமயமலை வழியாக ஐந்து மாதம் நடந்தார்கள். அந்தக் கூட்டத்தில் நம்மைப் போல வீட்டைக் கவனித்துக்கொண்டிருந்த இல்லத்தரசிகளும் இருந்தார்கள்.