மலைக் குளிரும் மாவுப் பாத்திரமும்



ஏப்ரல் பாதி தாண்டிவிட்டால் எந்த வீட்டுக்குப் போனாலும் இந்தப் பேச்சு காதில் விழும்: "பேசாம ஊட்டிப் பக்கம் ஒரு வீட்டைப் பார்த்துட்டுப் போயிடலாம்." கரன்ட் போன ராத்திரியில் அட்டையால் விசிறிக்கொண்டே நாம் எல்லாரும் ஒருமுறையாவது இதைச் சொல்லியிருப்போம். சென்னையிலும் வேலூரிலும் கரூரிலும் இருப்பவர்களுக்கு நீலகிரி என்றாலே சொர்க்கம்.

அந்த ஆசையில் தப்பே இல்லை. ஆனால் ஒரு கேள்வி. ஓர் ஊரின் வானிலை சுகமானதா என்று யாரைக் கேட்டுத் தெரிந்துகொள்வது? மூன்று நாள் காட்டேஜில் தங்கி, படகில் போய், சாக்லேட் வாங்கித் திரும்பியவரையா? இல்லை, அங்கேயே துணி துவைத்து, மாவு அரைத்து, காலை ஏழரைக்குப் பிள்ளையை ஸ்கூலுக்குக் கிளப்பும் வீட்டையா?

இந்த இதழில் அந்த இரண்டாவது வீட்டைப் பற்றி உங்களோடு பேச ஆசைப்படுகிறேன்.

முதலில் ஒரு சின்னக் கணக்கு. மேட்டுப்பாளையம் கடல் மட்டத்திலிருந்து சுமார் 325 மீட்டர் உயரம். ஊட்டி சுமார் 2,240 மீட்டர். மேலே போகப் போகக் காற்றின் அழுத்தம் குறையும், காற்று விரியும், விரிய விரியக் குளிரும். ஆயிரம் மீட்டருக்கு ஆறு, ஆறரை டிகிரி குறையும் என்பது பொதுவான கணக்கு. அடிவாரத்தில் மலை ரயில் ஏறி 46 கிலோமீட்டர் போய் ஊட்டியில் இறங்கும்போது சுமார் பன்னிரண்டு டிகிரியைக் கீழேயே விட்டுவிட்டு வந்திருப்போம்.

இந்தப் பன்னிரண்டு டிகிரிக்காகத்தான் வெள்ளைக்காரர்களும் மலை ஏறினார்கள். கோவை கலெக்டராக இருந்த ஜான் சல்லிவன் 1819-ல் மேலே போனார். பிறகு அங்கே கல் பங்களா கட்டினார். அடுத்த சில பத்தாண்டுகளில் சென்னை மாகாண அரசாங்கமே கோடையில் ஊட்டிக்கு இடம் மாறும் வழக்கம் வந்தது. கோடைக்கு மலை, குளிர்காலத்துக்குச் சென்னை என்று இரண்டிலும் நல்லதை மட்டும் எடுத்துக்கொண்ட வாழ்க்கை அது. நம் மனதில் இருக்கும் ஊட்டி பெரும்பாலும் அவர்கள் கண்ட ஊட்டிதான். வருஷம் பூராவும் அங்கேயே கிடந்து பார்த்தவர்கள் கண்ட ஊட்டி வேறு.

இன்னொன்று, நீலகிரிக்கு ஒரே வானிலை கிடையாது. நாம் எல்லாவற்றையும் சேர்த்து "ஊட்டி கிளைமேட்" என்று சொல்லிவிடுகிறோம். மேற்கே இருக்கும் கூடலூர், பந்தலூர், தேவாலா பக்கம் ஜூனிலிருந்து தென்மேற்குப் பருவமழை கொட்டித் தீர்க்கும். கிழக்குச் சரிவில் இருக்கும் குன்னூருக்கும் கோத்தகிரிக்கும் அக்டோபர், நவம்பரில் வரும் வடகிழக்குப் பருவமழைதான் பெரிய மழை. நடுவில் உயரத்தில் உட்கார்ந்திருக்கும் ஊட்டி இரண்டிலும் நனையும். ஒரே மாவட்டத்தில் ஒரு ஊரில் குடை விரித்திருக்கும்போது இன்னொரு ஊரில் வடகம் காயப்போட்டிருப்பார்கள்.

அந்த மழை விளையாட்டு மழையும் இல்லை. 2019 ஆகஸ்ட் 8-ம் தேதி நீலகிரியின் அவலாஞ்சியில் ஒரே நாளில் 82 சென்டிமீட்டர் பதிவானது. சென்னைக்கு ஒரு வருஷம் முழுக்கக் கிடைக்கும் சராசரி மழையே சுமார் 140 சென்டிமீட்டர்தான். 2009 நவம்பரில் குன்னூர், கோத்தகிரி, கேத்தி பகுதிகளில் மண் சரிந்து 40-க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். மழைச் சத்தம் கேட்டால் நமக்கு பஜ்ஜி நினைவு வருகிறது. சரிவில் வீடு வைத்திருக்கும் குடும்பத்துக்குப் பின்பக்கத்து மண் சுவர் நினைவு வருகிறது.

சரி, சாதாரண நாளுக்கு வருவோம். ஊட்டியில் வீடு நடத்துகிறவர்களிடம் பேசினால் முதலில் வருவது இட்லி மாவு. சென்னையில் ராத்திரி அரைத்து வைத்தால் காலையில் பாத்திரத்தைத் தாண்டி வழிந்திருக்கும். மலையில் அதே மாவு அரைத்தபடியே கிடக்கும். வெதுவெதுப்பான தண்ணீர் ஊற்றிக் கரைப்பார்கள், பழைய மாவு ஒரு கரண்டி கலப்பார்கள், பாத்திரத்தைக் கம்பளியில் சுற்றி அடுப்பு ஓரம் வைப்பார்கள். தயிருக்கும் இதே உபசாரம் வேண்டும்.

தேங்காய் எண்ணெய் 24 டிகிரிக்குக் கீழே உறையத் தொடங்கும். ஆகவே அங்கே பாட்டில் ஆகாது. அகல வாய் டப்பாதான். தண்ணீர் சமவெளியில் நூறு டிகிரியில் கொதிக்கிறது. ஊட்டி உயரத்தில் 92, 93 டிகிரியிலேயே கொதித்துவிடும். கொதிப்பதைப் பார்த்துப் பருப்பு வெந்துவிடும் என்று காத்திருந்தால் பசிதான் மிஞ்சும். குக்கர் இல்லாமல் அங்கே சமையல் இல்லை.

துணி? மழை மாதங்களில் துவைத்த சட்டை நாலு நாளானாலும் ஈரம் விடாது. ஸ்கூல் யூனிஃபார்மை அடுப்புச் சூட்டில் காட்டி, இஸ்திரி போட்டே உலர்த்தி அனுப்புகிற வீடுகள் எத்தனையோ. பீரோவில் வைத்த பட்டுப் புடவையிலும் தோல் செருப்பிலும் பூஞ்சை. உப்பு ஜாடியில் தண்ணீர். சுவரில் ஓதம். வீட்டில் மூட்டு வலிக்காரரோ வீசிங் உள்ள குழந்தையோ இருந்தால் அந்த மாதங்கள் எப்படிப் போகும் என்று நினைத்துப் பாருங்கள். ஃபேன் போடாமல் மிச்சமாகும் கரன்ட், கீசரிலும் விறகிலும் போய்விடும்.

டிசம்பரிலிருந்து பிப்ரவரி வரை உறைபனி. வானத்தில் மேகம் இல்லாத ராத்திரியில், பகலில் நிலம் வாங்கிய சூடு தடையில்லாமல் மேலே போய்விடுகிறது. கனத்த குளிர்காற்று பள்ளத்தில் தேங்குகிறது. தலைக்குந்தா, காந்தல் போன்ற தாழ்ந்த இடங்களில் புல்வெளி விடிகாலையில் வெள்ளையாகிறது. வெப்பம் பூஜ்யத்தைத் தொடுகிறது. டிவியில் பார்க்க நமக்கு அழகு. தேயிலை வைத்திருப்பவருக்கு வயிற்றைக் கலக்கும். பனி பட்ட கொழுந்து வெயில் ஏறியதும் கருகிவிடும். மறுபடி துளிர்க்கும்வரை பச்சைத் தேயிலை வருமானம் இல்லை. ஏக்கர், இரண்டு ஏக்கர் வைத்திருக்கும் சிறு விவசாயிகள் நிறைந்த மாவட்டம் அது. ராத்திரியில் செடிமேல் தழையைப் போட்டு மூடுவதும், விடியலில் காய்கறித் தோட்டத்துக்கு ஸ்பிரிங்லர் போட்டுப் பனியைக் கரைப்பதும் அந்த மாதங்களின் வேலை.

கொழுந்து எடுக்கும் பெண்களின் நாளையும் சொல்ல வேண்டும். தேயிலைக்கு மழை வேண்டும். மழை பெய்தால்தான் துளிர் வரும். துளிர் வந்தால் மழையிலும் போய் எடுத்தாக வேண்டும். இடுப்பில் பிளாஸ்டிக் ஷீட்டைச் சுற்றி, அட்டைக்கடியைத் தாங்கி, சரிவில் நின்று நனைந்தபடியே எடுப்பார்கள். நம் காலை டீயின் மணத்தில் அந்த ஈரமும் சேர்ந்திருக்கிறது. அவர்களில் பலர் 1964 சிறிமாவோ–சாஸ்திரி ஒப்பந்தத்துக்குப் பிறகு இலங்கையின் தேயிலை மலைகளிலிருந்து வந்த குடும்பத்தார். அவர்களுக்கு வேலை கொடுக்கத்தான் அரசு 1968-ல் டேன்டீ என்னும் அரசுத் தேயிலைத் தோட்டங்களைத் தொடங்கியது. கடல் தாண்டி வந்தும் அவர்களுக்கு வாய்த்தது அதே குளிர், அதே மழை, அதே லைன் வீடு.

இதையெல்லாம் மலையைக் குறை சொல்வதற்காகச் சொல்லவில்லை. நம் ஊர் வெயிலை உயர்த்திப் பேசவும் வரவில்லை. சமவெளியின் கஷ்டம் நமக்குத் தெரியாததா? சென்னையில் மே மாதம் பகலில் 37, 38 டிகிரி என்றால் ராத்திரியிலும் 28-ஐ ஒட்டியே நிற்கிறது. கடல் ஈரத்தால் வேர்வை உலர்வதில்லை. வேர்வை உலர்ந்தால்தானே உடம்பு குளிரும்? வேலூரிலும் கரூரிலும் வெயில் இன்னும் அதிகம். ஆனால் வறண்ட வெயில், நிழலில் ஒதுங்கினால் கொஞ்சம் ஆசுவாசம். அதனால்தான் வேலூரில் நன்றாக வேலை செய்யும் ஏர் கூலர், சென்னையில் அறையைக் குளமாக்குகிறது. விளம்பரத்தைப் பார்த்து வாங்கி ஏமாந்த குடும்பங்கள் நிறைய.

இங்கேதான் நான் சொல்ல வந்தது இருக்கிறது. சுகமான ஊர் என்று தனியாக ஒன்று இல்லை. ஊருக்குப் பொருந்திய வீடும், வீட்டுக்குப் பொருந்திய வழக்கமும் இருந்தால் எந்த ஊரிலும் பெரும்பாலான நாட்களைச் சுகமாகக் கழிக்கலாம்.

நம் முன்னோர்களுக்கு இது தெரிந்திருந்தது. நீலகிரியில் தோடர்கள் கட்டிய பழைய குடிசைகளைப் பாருங்கள். மூங்கிலும் பிரம்பும் புல்லும் கொண்டு வளைத்த கூரை தரைவரை இறங்கும். வாசலோ தவழ்ந்து நுழையும் அளவுக்குச் சின்னது. குளிர்காற்று உள்ளே வர வழியில்லை, உள்ளிருக்கும் சூடு வெளியே போகவும் வழியில்லை. அப்படியே கீழே இறங்கிச் செட்டிநாட்டுக்கு வாருங்கள். உயர்ந்த கூரை, நடுவில் முற்றம், தடித்த சுண்ணாம்புச் சுவர், வெயில் படாத தாழ்வாரம். சூட்டை மேலே அனுப்பவும் காற்றை உள்ளே இழுக்கவும் கட்டிய வீடு. ஒன்று சூட்டைப் பிடித்து வைக்க, மற்றது விரட்ட.

இன்று ஊட்டியிலும் காரைக்குடியிலும் ஒரே வீட்டைக் கட்டுகிறோம்: தட்டை கான்கிரீட் தளம், மெல்லிய சுவர், பெரிய கண்ணாடி ஜன்னல். மலையில் அது ஓதம் வாங்குகிறது; கீழே கொதிக்கிறது. பிறகு அங்கே ஹீட்டர், இங்கே ஏ.சி. இரண்டுக்கும் மாதாமாதம் பணம் கட்டுவது நாம்தானே?

மலையும் பழையபடி இல்லை. 2024 ஏப்ரல் இறுதியில் ஊட்டியில் வெப்பம் 29 டிகிரியைத் தொட்டது. அந்த ஊருக்கு அது மிக அதிகம். ஃபேன் மாட்டக் கொக்கியே வைக்காமல் கட்டிய வீடுகளில் இப்போது டேபிள் ஃபேன் சுழல்கிறது. அதே வருஷம் மே 7-ம் தேதி, உயர் நீதிமன்ற உத்தரவின்படி மலை ஏறும் வெளியூர் வண்டிகளுக்கு இ-பாஸ் முறை வந்தது. வெயிலுக்குப் பயந்து நாம் எல்லாரும் ஒரே மாதத்தில் ஏறினால் அந்தச் சின்ன ஊர் தண்ணீருக்கும் ரோட்டுக்கும் எங்கே போகும்?

ஆகவே சில வேண்டுகோள்கள். மலைக்குத் தாராளமாகப் போங்கள். மே மாதமே வேண்டும் என்று இல்லாமல், பள்ளி விடுமுறை அனுமதித்தால் கூட்டமில்லாத வேறு மாதம் பாருங்கள். மழை எச்சரிக்கை வந்திருந்தால் பயணத்தைத் தள்ளிப் போடுங்கள். தங்கும் இடத்தில் ஒரு வாளி வெந்நீர் வைக்க எவ்வளவு விறகோ கரன்ட்டோ ஆகிறது என்று நினைத்துச் செலவழியுங்கள்.

ஒன்றை மட்டும் கண்டிப்பாகச் சொல்கிறேன். குளிருக்குக் கரி அடுப்பைப் பற்றவைத்து, கதவு ஜன்னலை மூடிக்கொண்டு தூங்கவே தூங்காதீர்கள். அணையாத கரியிலிருந்து வரும் கார்பன் மோனாக்சைடுக்கு வாசனை கிடையாது. தூக்கத்திலேயே உயிரை எடுத்துவிடும். இப்படிச் செய்திகள் நம் மலை ஊர்களிலிருந்தே வந்திருக்கின்றன. உள்ளே இன்னொரு ஸ்வெட்டர் போடுங்கள், கம்பளி கேளுங்கள், வெந்நீர்ப் பை வைத்துக்கொள்ளுங்கள். கரி வேண்டாம்.

மலையில் வீடு வாங்கும் யோசனை நிஜமாகவே இருந்தால், ஜூலையிலும் நவம்பரிலும் ஜனவரியிலும் ஒரு வாரம் வாடகைக்குத் தங்கிப் பாருங்கள். அங்கேயே மாவு அரையுங்கள், துணி காயப்போடுங்கள். அதற்குப் பிறகும் பிடித்திருந்தால் அது உங்கள் ஊர்தான், சந்தோஷமாகப் போங்கள்.

போகாதவர்களுக்கும் வேலை இருக்கிறது. மொட்டை மாடிக்கு வெள்ளைச் சுண்ணாம்பு அடிப்பது, மேற்கு ஜன்னலுக்கு வெளியே ஒரு தட்டி கட்டுவது, வாசலில் வேம்போ புங்கனோ வைப்பது: எல்லாம் நாம் மறந்த சிக்கனமான வழிகள். புது வீடு கட்டுகிறவர்கள் இன்ஜினியரிடம் எலிவேஷன் படம் கேட்பதற்கு முன்னால் "எங்க ஊர்க் காத்து எந்தப் பக்கம்?" என்று கேளுங்கள்.

உங்கள் வீட்டில் வெயிலுக்கோ குளிருக்கோ மழைக்கோ பெரியவர்கள் சொல்லிக்கொடுத்த வழி ஏதாவது இருக்கும். மலையில் இருப்பவர்கள் உறைபனியைச் சமாளிக்கும் விதத்தையும், கடலோரத்தில் இருப்பவர்கள் புழுக்கத்தைச் சமாளிக்கும் விதத்தையும் எங்களுக்கு எழுதுங்கள். ஊர்ப் பெயரோடு எழுதுங்கள். வரும் இதழ்களில் வெளியிடுகிறோம். எந்த ஊரில் இருந்தாலும் அந்த ஊரைப் புரிந்துகொண்டு வாழ்வதற்கு ஒரு வீடு இன்னொரு வீட்டுக்குச் சொல்லிக்கொடுக்க நிறைய இருக்கிறது என்று நம்புகிறேன்.

அன்புடன்,
ஆசிரியர்